தெருவே கேட்ட இசைத்தட்டு

சினிமாப் பாட்டுத் தட்டு சேர்ப்பவர் என்றதும் கண்ணாடி அலமாரியும், வரிசை வரிசையாய் எல்.பி. ரெக்கார்டுகளும், சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கேட்கும் ஒரு பெரியவரும் நினைவுக்கு வருவார்கள். வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் பல்லாயிரக்கணக்கில் 78 ஆர்.பி.எம். தட்டுகளைச் சேர்த்து, தென்னிந்தியத் திரையிசை வரலாற்றை எழுதுவதற்கே ஆதாரம் உண்டாக்கினார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வடசென்னையில், ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கதை வேறு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து எழும் வீட்டில் அலமாரிக்கு ஏது இடம்? கிராமபோன் வாங்க ஏது காசு? ஆனாலும் இந்தப் பகுதி கேட்காத படப்பாட்டு கிடையாது. அத்தனை தட்டுகளும் ஒருவரிடம் இருந்தன. அவர் மைக் செட்காரர்.

ஆடி பிறந்துவிட்டால் அவருக்கு ஓய்வு கிடையாது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே நாளில் நாலு தெருவுக்குச் செட் போகும். சவுக்குக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஒயர் இழுத்து, ஆம்ப்ளிஃபயர் சூடானதும் மரப்பெட்டியைத் திறப்பார். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அடுத்து எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள். பூசை முடிந்த கையோடு சினிமா. கல்யாணத்துக்கு ஒரு வரிசை, மஞ்சள் நீராட்டுக்கு ஒரு வரிசை, ராயபுரம் புனித இராயப்பர் கோயில் திருவிழாவுக்கு ஒரு வரிசை, கட்சிக் கூட்டத்துக்கு ஒரு வரிசை. எந்தத் தட்டுக்குப் பின் எந்தத் தட்டு என்பது அவருக்கு மனப்பாடம்.

அவர் எப்படிச் சேர்த்தார் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் சேர்ப்பவர் தனக்குப் பிடித்ததை மட்டும் வாங்குவார். மைக் செட்காரருக்கு அந்த வசதி இல்லை. எம்.ஜி.ஆர். ரசிகர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போக வேண்டும், சிவாஜி ரசிகர் வீட்டுக்கும் போக வேண்டும். புதுப்படத் தட்டு கையில் இல்லையென்றால் அடுத்த தெருக்காரர் ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். ஆகவே நல்ல படம், ஓடாத படம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வாங்கினார். பெட்டி மூன்று நாளில் தியேட்டரை விட்டுப் போன படத்தின் பாட்டும் அவரிடம் இருக்கும். ருசியைப் பார்த்துச் சேர்க்காமல் பிழைப்புக்காகச் சேர்த்ததாலேயே அவருடைய தட்டுப் பெட்டி முழுமையான ஆவணமாக ஆனது என்பது என் எண்ணம்.

பத்து அங்குலத் தட்டு

அந்தக் காலத்து 78 தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருக்கும். அரக்கும் கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்திய பொருள் அது. கை தவறினால் அப்பளமாய் நொறுங்கும். உலகத்து இசைத்தட்டுத் தொழிலுக்கே அரக்கு அனுப்பிய நாடு இந்தியாதான். இங்கே விற்ற ஹெச்.எம்.வி. தட்டுகள் கல்கத்தாவில் அழுத்தப்பட்டவை. டம்டம் தொழிற்சாலை 1928இல் வந்தது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம் கொள்ளும். பாட்டு நீளமானால் பாதியில் நிறுத்தி, தட்டைத் திருப்பிப் போட வேண்டும். எஃகு முள் ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் தாங்காது. முள்ளை மாற்றாமல் ஓட்டினால் தட்டு தேயும். மைக் செட்காரரின் சட்டைப் பையில் முள் டப்பா எப்போதும் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தைப் படிப்பதும் ஒரு கல்வி. படப் பெயர், பாடியவர், வரிசை எண் இருக்கும். பாட்டு எழுதியவர், வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பாடியவர் பெயர்கூட எப்போதும் ஒழுங்காக வந்ததில்லை. 1949இல் வந்த ‘மஹல்’ இந்திப் படத் தட்டில் லதா மங்கேஷ்கர் பெயருக்குப் பதிலாகப் படத்தின் பாத்திரமான காமினியின் பெயர் இருந்தது. யார் பாடியது என்று ரசிகர்கள் வானொலிக்குக் கடிதமாக எழுதித் தள்ளிய பிறகே லதாவின் பெயர் வெளியே வந்தது. வட்டக் காகிதம் சொல்லாததைக் கேட்பவர்கள் கேட்டு வாங்க வேண்டியிருந்த காலம் அது.

தமிழில் பேசும் படம் வருவதற்கு முன்பே பாட்டுத் தட்டுக்கு இங்கே சந்தை இருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் பாடியவை தட்டாக வந்து ஊரெல்லாம் சுழன்றன. ஏ.வி. மெய்யப்ப செட்டியார் படம் எடுக்கும் முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். மக்கள் எந்தக் குரலுக்குக் காசு கொடுப்பார்கள் என்பது அந்தக் கடைக் கணக்கிலேயே தெரிந்திருக்கும். 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானது சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில்; பின்னாளில் அதுவே முருகன் டாக்கீஸ். எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்டது பிராட்வே அரங்கில். ராயபுரத்திலிருந்து நடந்தே போய்வரக்கூடிய தூரம். பாபநாசம் சிவனும் ஜி. ராமநாதனும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாட்டுகளைப் படத்தில் கேட்டவர்கள் வெளியே வந்து தட்டில் கேட்டார்கள். தட்டில் கேட்டவர்கள் திரும்பப் படத்துக்குப் போனார்கள்.

தட்டு வாங்க முடியாதவருக்குப் பாட்டுப் புத்தகம் இருந்தது. தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்கும் மெல்லிய புத்தகம். முதல் பக்கங்களில் கதைச் சுருக்கம், முடிச்சு விழும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணும்படி ஒரு வரி. பின்னால் பாட்டுகள். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967இல் தொடங்கி 2020இல் மூடப்பட்டது. அது மூடப்படும் முன்பே பாட்டுப் புத்தகமும் தட்டும் கேசட்டும் அடுத்தடுத்து மறைந்துவிட்டன.

வானொலியின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரம் கட்டினார். இலங்கை வானொலிக்கு அடித்தது யோகம். 1957இல் விவிதபாரதி வந்து சமாளிக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் வடசென்னை டீக்கடைகளின் காலைப் பொழுது கொழும்புக்குப் போய்விட்டது.

வசனம் கேட்ட ஊர்

வெளிநாட்டில் திரைப்பட ஆல்பம் என்றால் இசை. நம்மிடம் வசனமும் தட்டாக விற்றது. உலகத்துச் சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டால் வியந்துபோவார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ வசனத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

வடசென்னைக்கு இதில் தனி உரிமை உண்டு. 1949 செப்டம்பர் 17 அன்று கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. மூன்றே ஆண்டில் ‘பராசக்தி’ வந்தது. கட்சி மேடைக்கும் சினிமாவுக்கும் ஒரே ஒலிபெருக்கி, ஒரே மைக் செட். தலைவர் வந்துசேரத் தாமதமானால் நாகூர் ஹனிபாவின் தட்டு கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கும். மேடைத் தமிழும் திரைத் தமிழும் ஒன்றையொன்று வளர்த்தது எப்படி என்று ஆராய்பவர்கள், ஒரு மைக் செட் பெட்டியில் எந்தத் தட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தட்டு இருந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

வசனத்துக்குக் கடைசிப் பெரிய அலை 1984இல் வந்த ‘விதி’. சுஜாதா வக்கீலாக நின்று வாதாடும் நீதிமன்றக் காட்சி கேசட்டாக வந்து, டீக்கடை, முடிதிருத்தும் கடை, கல்யாணப் பந்தல் என்று எங்கும் ஒலித்தது. படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தீர்ப்பு தெரியும்.

சிக்ஸ்டியா, நைன்ட்டியா?

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், பாட்டைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. வடசென்னைக்கு அது வந்த வழி துறைமுகத்தை ஒட்டியது. பர்மாவில் நெ வின் ஆட்சி 1964இல் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியதால், பிழைப்பை இழந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் உருவானது பர்மா பஜார். டூ-இன்-ஒன், ஆட்டோ ரிவர்ஸ் பிளேயர், டி.டி.கே., சோனி வெற்றுக் கேசட்டுகள் எல்லாம் அந்த நீண்ட கடைவரிசையில் கிடைத்தன. பழைய தட்டு வேண்டுமென்றால் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட். 1985 மே 30 அன்று அது எரிந்தபோது பழைய புத்தகங்கள் போனதைப் பற்றி நிறைய எழுதினார்கள். கூடவே எரிந்த தட்டுகளைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதவில்லை.

ரெக்கார்டிங் கடைகள் முளைத்தது இந்தக் காலத்தில்தான். டி.எச். ரோடு, ஜி.ஏ. ரோடு, கல்மண்டபம் என்று எங்கே திரும்பினாலும் ஒரு ‘மியூசிக்கல்ஸ்’. சுவரில் எல்.பி. உறைகள், மேசையில் தடித்த நோட்டு, அதில் படவாரியாகப் பாட்டுகள். வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, சிக்ஸ்டியா நைன்ட்டியா என்பது. அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. தொண்ணூறில் நாடா மெல்லிசு, சிக்கும் பயம் அதிகம். அனுபவப்பட்டவர்கள் அறுபதே கேட்பார்கள்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பது சாதாரண வேலை அல்ல. ஏ சைடு முழுக்க ஜேசுதாஸ், பி சைடு முழுக்க எஸ்.பி.பி. என்பது ஒரு வகை. எல்லாம் மழைப் பாட்டு, எல்லாம் சோகப் பாட்டு என்பது இன்னொரு வகை. இசையமைப்பாளரின் ஒரே ராகத்துப் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி வருபவர்களும் இருந்தார்கள். பக்கத்தின் முடிவில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் அங்கே எதைப் போடுவது, பாதியில் அறுந்தால் எந்தப் பாட்டு அறுந்தாலும் மனசு தாங்கும் என்றெல்லாம் யோசித்து எழுத வேண்டும். என்ஃபீல்டு, அசோக் லேலண்ட், விம்கோ என்று ஷிப்ட் வேலைக்குப் போனவர்கள் போகிற வழியில் சீட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்புகிற வழியில் வாங்கிக்கொண்டார்கள். உறைக்குள் இருக்கும் கோடிட்ட அட்டையில் கடைக்காரர் தன் கையெழுத்தில் பாட்டுகளை எழுதித் தருவார். வீட்டுக்கு வந்ததும் கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிட வேண்டும். பிறகு யாரும் தெரியாமல் மேலே பதிந்துவிட முடியாது. மனம் மாறினால் அந்த ஓட்டையில் செலோ டேப் ஒட்டினால் போதும். நாடா தொய்ந்தால் பென்சிலை விட்டுச் சுற்றுவது இந்தத் தலைமுறை முழுவதற்கும் தெரிந்த வைத்தியம்.

சட்டப்படி அது திருட்டுப் பதிவு. பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ அதிலிருந்து ஒரு காசும் போகவில்லை. அந்தக் குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தொழிலாளி தன் பணத்தில், தன் ருசியில், தானே அமைத்துக்கொண்ட ஆல்பம் என்ற வகையில் அந்த அறுபது நிமிடக் கேசட்டுக்கு நிகர் வேறில்லை. எக்கோ, சங்கீதா, லஹரி என்று கம்பெனி போட்ட கேசட்டுகள் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வந்தன. கையெழுத்துக் கேசட் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான்.

படத்தில் இல்லாத பாட்டு

ஆல்பமாகக் கேட்பதற்கும் படத்தில் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ரசிகர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்காக எஸ். ஜானகி பாடிய ஒரு பாட்டு படத்தில் இடம்பெறவில்லை. 1991இல் வந்த ‘தளபதி’ கேசட்டில் ஜேசுதாஸும் ஜானகியும் பாடிய ஜோடிப் பாட்டு ஒன்று உண்டு, திரையில் கிடையாது. அந்த இரண்டு பாட்டும் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் தட்டும் கேசட்டும்தான். ஜானகி ‘நிழல்கள்’ பாட்டில் உச்சத்தைத் தொட்டு அப்படியே மெல்ல இறங்கி வரும் இடத்தைக் கேட்கும்போதெல்லாம், ஒரு படத்தின் நீளக் கணக்கில் இது தொலைந்துபோகாமல் தப்பியதே என்று தோன்றும்.

1978இல் வந்த ‘ப்ரியா’ பாட்டுகளை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். தமிழில் அதுவே முதல் முயற்சி என்பார்கள். குழாய் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோ தெரியாது. ஒரே வாய், ஒரே திசை. பர்மா பஜாரில் வாங்கிய செட்டில் இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றி அறையின் இரு மூலையில் வைத்துக் கேட்டபோதுதான், தெருவில் பல நூறு தடவை கேட்ட பாட்டுக்குள் இத்தனை வாத்தியம் ஒளிந்திருந்ததா என்று பலருக்கும் புரிந்தது. ரசனை ஒரு படி ஏறியது அங்கேதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 1938இல் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படப் பாட்டுகள் படத்தின் ஒலியோடு தட்டாக வந்த நாளிலிருந்து, மேல்நாட்டில் பின்னணி இசையும் ஆல்பமாக வரும் வழக்கம் வளர்ந்தது. ஜான் வில்லியம்ஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ இசையைப் படமில்லாமலே கேட்கலாம். தமிழில் நெடுங்காலம் ஆல்பம் என்றால் பாட்டு மட்டுமே. இளையராஜா நூற்றுக்கணக்கான படங்களுக்கு எழுதிய பின்னணி இசை படச்சுருளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது; வசனத்தையும் சத்தத்தையும் விலக்கி அதைக் கேட்க வழியில்லை. யுவன் சங்கர் ராஜாவின் ‘புதுப்பேட்டை’ (2006) ஆல்பத்தில் தாய்லாந்து சிம்பொனி கலைஞர்கள் வாசித்த கருப்பொருள் இசையும் சேர்ந்து வந்ததை அதனால்தான் சேகரிப்பாளர்கள் பத்திரப்படுத்துகிறார்கள்.

கானா எங்கே போனது?

வடசென்னையே பாடிய கானாப் பாட்டைப் பெரிய தட்டுக் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. சாவு வீட்டில் விடிய விடிய டோலக்கோடு பாடும் பாட்டை யார் டம்டம்முக்கு அனுப்புவார்? அது முதலில் உள்ளூர் கேசட்டாகவும், பிறகு சினிமா வழியாகவும்தான் பதிவானது. தேவா 1990களில் கானாவைப் படத்துக்குள் தைரியமாகக் கொண்டுவந்தார். ‘காதல் கோட்டை’யில் (1996) தானே பாடினார். ‘சித்திரம் பேசுதடி’யில் (2006) கானா உலகநாதன் பாடியது நாடு முழுக்கச் சுற்றியது. 2012இல் ‘அட்டகத்தி’ வந்தபோது கானா பாலாவின் குரலை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே படத்தில் அறிமுகமான சந்தோஷ் நாராயணன் ‘மெட்ராஸ்’, ‘வடசென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ என்று இந்த மண்ணைக் களமாகக் கொண்ட படங்களுக்கு இசையமைத்தார்.

ஆனால் படத்துக்குள் வந்தது கானாவின் ஒரு துளி. கம்பெனிப் பெயர் இல்லாத, தேதி இல்லாத உள்ளூர் கேசட்டுகளில் மீதி இருக்கிறது. பாகவதர் தட்டைத் தேடினால் எங்காவது இன்னொன்று கிடைத்துவிடும். அந்தக் கேசட்டுக்கு மறுபிரதி கிடையாது. இன்றைக்கு ஒருவர் வடசென்னையில் சேகரிப்பு தொடங்குவாரானால், முதலில் கை வைக்க வேண்டியது அதில்தான் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

உப்பும் சாம்பலும் வெள்ளமும்

இங்கே எதையும் பாதுகாப்பது எளிதல்ல. கடற்காற்றின் உப்பு பிளேயரின் மோட்டாரையும் கேசட்டின் ஸ்பிரிங்கையும் அரிக்கும். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசும் மூடிய ஜன்னலையும் தாண்டி வரும். தட்டின் கோடுகளில் படிந்த தூசோடு முள்ளை ஓட்டினால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தது. மெத்தையும் பீரோவும் பள்ளிப் புத்தகமும் போனபோது கேசட் பெட்டியை யார் கணக்கில் எடுத்திருப்பார்கள்? நிவாரணப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கையில் மிஞ்சியதைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும். கேசட் பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பழக்கத்தில் 78 தட்டையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, மெல்லிய துணி போதும்; வட்டக் காகிதம் நனையக் கூடாது. எல்.பி. முள்ளில் 78ஐ ஓட்டக் கூடாது. அதன் கோடு அகலமானது, அதற்கென்று தனி முள் இருக்கிறது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைப் பிளேயரில் போடாதீர்கள். ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்குப் போகும்.

சட்டமும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 1950களின் தட்டுகளுக்கு அந்த உரிமை முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை வேறு கணக்கு. 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் எத்தனையோ பழைய தட்டுகளை மீட்டிருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களைக் காத்து வைத்திருக்கிறது. அது இருப்பது தரமணியில், நகரத்தின் அந்தக் கோடியில். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு நூலகத்தில் ஓர் அறை, ஒரு நல்ல பிளேயர், பதிவு செய்ய ஒரு கணினி, பொறுப்பான இரண்டு பேர் இருந்தால் வடசென்னையின் வேலையை வடசென்னையே தொடங்கலாம். கோடிக்கணக்கில் செலவாகும் காரியம் இல்லை இது.

கடைசியாக ஒன்று. மைக் செட் குடும்பங்களிலும் பழைய ரெக்கார்டிங் கடைகளிலும் தட்டுகளோடு நோட்டுகளும் இருக்கும். எந்தத் தேதியில் எந்தத் தெருவுக்குச் செட் போனது, என்ன விசேஷம், எவ்வளவு வாடகை, யார் எந்தப் படத்துப் பாட்டைக் கேட்டார் என்று பென்சிலில் எழுதிய கணக்கு. தட்டை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறார்கள். நோட்டை யாரும் கேட்பதில்லை என்பதால் அது நேராகக் காயலான் கடைக்குப் போகிறது. எந்தப் பாட்டு எந்தத் தெருவில் எத்தனை நாள் வாழ்ந்தது என்பதை எந்தக் கம்பெனியும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு நோட்டு இருந்தால், போடுவதற்கு முன் பக்கம் பக்கமாகப் போனில் படமாவது எடுத்து வையுங்கள்.